ஆணி இருந்த கிண்ணம்

ராம்கி கீழே பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்கிறான். அவன் மேலே வருவதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும். அவனுடைய சித்தி கதை இது. அவன் இருக்கும்போது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவான். ஜமுக்காளத்தில் நெருங்கி உட்காருங்கள். கரண்ட் போனதற்கு ஜெனரேட்டரை எதிர்பார்க்க வேண்டாம், இந்த மண்டபத்துக்காரர் டீசல் விஷயத்தில் ரொம்பக் கெட்டிக்காரர். பாதியில் யாரும் பாத்ரூம் போகிறேன் என்று கிளம்பக்கூடாது. துணைக்கு நான் வர மாட்டேன்.

சாயங்காலம் ஏழு மணி. கூமாப்பட்டி தாண்டி, பிளவக்கல் அணைக்குப் போகிற ரோடு. மலை அடிவாரம் என்பதால் சீக்கிரமே இருட்டிவிடும்... ஆள் அரவம் கிடையாது. ரோட்டோரம் வெட்டிப்போட்ட ஒரு புளியமரத்தை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார் சேதுபதி. ராம்கியின் சித்தப்பா. ராஜபாளையத்தில் கடைசல் பட்டறை வைத்திருப்பவர். கட்டில் கால், மாடிப்படித் தூண், கொஞ்ச காலமாக மரக்கிண்ணமும். லேத்தில் கட்டை சுற்றும், உளியை வைத்து உள்ளே குடைந்தெடுப்பார்கள். ஆன்லைனில் நல்ல கிராக்கி.

புளியமரம் வாங்கினால் பட்டையைச் சுற்றித் தடவிப் பார்ப்பது கடைசல்காரர்கள் வழக்கம். ஏன் என்று உங்களுக்கே தெரியும். பேய் பிடித்த பெண்ணின் உச்சிமுடியில் ஒரு கற்றையை அறுத்து, பேயோட்டுகிற கோடாங்கி அதைப் புளியமரத்தில் ஆணி வைத்து அறைந்துவிடுவார். அவள் வீட்டுக்குப் போய்விடுவாள்... அது மரத்தில் நின்றுவிடும். அன்றைக்கு இருட்டில் சேதுபதி தடவிப் பார்க்கவில்லை. வீட்டை ஒட்டிய பட்டறையில் அறுக்கும்போதுதான் ஒரு துண்டில் ஆணித்தலை தட்டுப்பட்டது. அதில் மஞ்சள் பூசி, பட்டறைக்குப் பின்னால் தனியாகப் போட்டார். அடுத்த தடவை போகும்போது அங்கேயே கொண்டுபோய்ப் போட்டுவிடலாம் என்று நினைத்தார்.

இப்போது மாரீஸ்வரிக்கு வருவோம். அவர்தான் சித்தி. புருஷனுக்கு மஞ்சள்காமாலை வந்து பிழைப்பாரா என்று ஆனபோது, இருக்கன்குடி மாரியம்மனுக்கு முடி நேர்ந்துகொண்டவர். இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. புருஷன் எழுந்து உட்கார்ந்ததும் போய் மொட்டை போட்டுவிட்டு வந்தார். அதற்குக் கொஞ்சமும் வருத்தப்படவில்லை.

வருத்தம் பிறகுதான் வந்தது. கிண்ணத்துக்கு மெருகு போட வெங்கடேஸ்வரி என்ற பெண் வேலைக்குச் சேர்ந்தாள். பத்தே நாளில் உளி பிடிக்கவும் கற்றுக்கொண்டாள். சேதுபதி வாய் ஓயாமல், "அவ கை என்ன கைங்க... மரமே பேசுது" என்று வருகிற ஆளிடமெல்லாம் சொன்னார். அவளுக்கு நல்ல கூந்தல். லேத்துக்குப் பக்கத்தில் நிற்கும்போது அதை அள்ளிக் கொண்டை போடுவாள். அதற்கு அவள் கையைத் தூக்குகிற நேரமெல்லாம் மாரீஸ்வரிக்கு வயிறு எரிந்தது. வெளிப்படையாகவே சொல்கிறேன், பொறாமை. பச்சைப் பொறாமை.

"எனக்கும் சொல்லித் தாங்க, நானும் கடையுதேன்" என்றார் ஒருநாள்.

சேதுபதி சிரித்தார். "ஒனக்கு ஒரு சவுகரியம்ட்டி. முடி லேத்துல மாட்டிக்கிடுமோங்கற பயம் இல்ல."

வேடிக்கைக்குச் சொன்னதுதான். வெங்கடேஸ்வரியும் குனிந்துகொண்டு சிரித்துவிட்டாள். அதுதான் தாங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு. சேதுபதி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மாரீஸ்வரி கட்டை தேடினார். நல்ல கட்டையெல்லாம் வெங்கடேஸ்வரி பக்கத்தில் அடுக்கியிருந்தது. அவளுடைய கட்டையைத் தொட ரோஷம் விடவில்லை. பின்னால் போய், மஞ்சள் பூசியதைத் தூக்கிக்கொண்டு வந்தார். தெரியாமல் இல்லை... தெரியும். ஆணிதானே, வந்தால் பிடுங்கிக்கொள்வோம் என்ற வீம்பு.

கட்டையை லேத்தில் மாட்டி ஸ்விட்சைப் போட்டார். முதல் தடவை உளி பிடிப்பவர் என்ன செய்வாரோ அதையே செய்தார். இறுக்கிப் பிடித்தார். உளி மரத்தில் சிக்கி, கையை உதறிவிட்டது. மறுபடி வைத்தார். மறுபடி உதறல். முழங்கை வரை விண்விண் என்றது. வெளிப்பக்கம் ஏதோ உருண்டையாக வந்தது, கோணல்மாணலாக. உள்ளே குடைய ஆரம்பித்தார்.

டக்.

கட்டை சுற்றச் சுற்ற... டக்... டக்... டக்... சின்னதாக ஒரு பொறி பறந்தது. முடி கருகுகிற வாடை.

நிறுத்திப் பார்த்தார். கிண்ணத்தின் நடுவில் ஆணி. குறடு போட்டு இழுத்தார். கிரீச் என்று வந்தது. அதோடு சேர்ந்து முடியும் வந்தது. ஒரு கற்றை இல்லை... இழுக்க இழுக்க வந்தது. எத்தனை வருஷத்து முடியோ. எண்ணெய் ஈரம் காயவில்லை. இப்போதுதான் தேய்த்துவிட்ட மாதிரி விளக்கெண்ணெய் வாசம்.

இரண்டையும் ஒரு தீப்பெட்டிக்குள் திணித்து ஜன்னலில் வைத்தார். திரும்ப லேத்தைப் போட்டார்.

இந்த முறை உளி உதறவில்லை. வழுக்கிக்கொண்டு போனது. சீவல் நூல் மாதிரி நீளமாகச் சுருண்டு விழுந்தது. மொட்டைத் தலையின் பின்பக்கம் யாரோ மூச்சுவிட்டது போலச் சூடாக இருந்தது. உளியைப் பிடித்த கைமேல் ஒரு கனம். அது கனமாக அழுத்திய இடத்திலெல்லாம் மரம் வழவழவென்று வந்தது... மாரீஸ்வரி திரும்பிப் பார்க்கவில்லை. கிண்ணம் அழகாக வருகிறதே, நிறுத்த மனசு வரவில்லை.

மறுநாள் சேதுபதி அதைக் கையில் எடுத்தார். பெருவிரலால் உள்ளே தடவிக்கொண்டே இருந்தார்.

"யாரு கடஞ்சது?"

"நாந்தான்."

கல்யாணமான புதுசில் பார்த்த மாதிரி பார்த்தார். மாரீஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்கடேஸ்வரியும் வாங்கிப் பார்த்தாள். கிண்ணத்தின் அடியில் இருந்த கறுத்த ஓட்டையில் விரலை வைத்தவள், சட்டென்று எடுத்துவிட்டாள்.

"அக்கா... இதுல ஆணி இருந்துச்சா?"

பதில் வருவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். மதியச் சாப்பாட்டுத் தூக்குவாளியைக்கூட எடுக்கவில்லை. தொலைந்தது சனியன் என்று மாரீஸ்வரி அன்றைக்குப் பாயசம் வைத்தார்.

அப்புறம் சேதுபதி தினமும் மல்லிகைப்பூ வாங்கிவர ஆரம்பித்தார்.

"மொட்டத் தலைக்கு எதுக்குப் பூவு?" என்று கேட்டால், பெரிய நகைச்சுவையைக் கேட்டவர் போலச் சிரித்தார். பூவைக் கிண்ணத்தில் வைப்பார். விடிந்து பார்த்தால் பூ நசுங்கியிருக்கும், தலையில் வைத்துப் படுத்து எழுந்த மாதிரி. ஒருநாள் மாரீஸ்வரி உளியோடு நிற்கும்போது பக்கத்தில் வந்து சொன்னார்.

"முடிய அள்ளிக் கட்டுன்னு எத்தன தடவ சொல்லுதேன். மாட்டிக்கிட்டா என்னத்துக்கு ஆகும்?"

அவர் பார்வை மாரீஸ்வரியின் முகத்தில் இல்லை. தோளுக்குப் பின்னால், கொஞ்சம் மேலே. அந்தக் கண்ணில் அம்புட்டு ஆசை. மாரீஸ்வரிக்குப் பயத்தைவிட எரிச்சல்தான் முதலில் வந்தது. வெங்கடேஸ்வரியையாவது திட்டலாம், துரத்தலாம். இவளை என்ன செய்ய?

தீப்பெட்டியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் பிளவக்கல் ரோட்டுக்குப் போனார். அதே ஏழு மணி. புளியமரத்தின் அடிக்கட்டை மட்டும் நின்றது. தீப்பெட்டியைத் திறந்தார்.

ஆணி இருந்தது. முடி இல்லை.

சேர்த்து அறைய அவர் தலையிலும் முடி இல்லை. வெறும் ஆணியையே அறைந்துவிட்டு, மாரியம்மா மாரியம்மா என்று வீடு வந்து சேர்ந்தார்.

பட்டறையில் விளக்கு எரிந்தது. லேத் ஓடுகிற சத்தம். கதவைத் தட்டினார். சேதுபதி வந்து திறந்தார். மொட்டைத் தலையை ஏற இறங்கப் பார்த்தார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"யாரும்மா நீங்க? இந்நேரத்துல வந்திருக்கீக?"

சேதுபதி வாசலில் நிற்கிறார்... உள்ளே லேத் நிற்கவில்லை. உளி மரத்தில் பதிகிற சத்தம் சீராக வந்துகொண்டே இருந்தது.

"செத்த நேரம் இருங்க, வீட்டுல கேட்டுட்டு வாரேன்" என்று கதவைச் சாத்தினார். அப்புறம் திறக்கவே இல்லை.

மாரீஸ்வரி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார். ராம்கி வீடு அதுதான். அவர் துணிமணியை வாங்கிவர ராம்கிதான் ராஜபாளையம் போனான். சித்தப்பா வாசல் வரை வந்து பையைக் கொடுத்தார். நல்லாத்தான் பேசினாராம், பயல் படிப்பைக்கூட விசாரித்தாராம். கையில் மட்டும் ஒரு சீப்பு இருந்தது. சீப்பின் பல் முழுக்க நீள நீளமாக முடி.

ராம்கி வந்து வீட்டில் அதைச் சொன்னான். சித்தி அழவில்லை, நெஞ்சில் அடித்துக்கொள்ளவில்லை. முளைக்க ஆரம்பித்த தலையை முந்தானையால் மூடிக்கொண்டு, ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்.

"ஏலே ராம்கி... எனக்கு ஒருநாக்கூடச் செஞ்சதில்லலே. அவளுக்கு அவியளா தல சீவி விடுதாக?"