இடது கையால் கொடுக்கும் சீமாட்டி

பழைய தாளைத் தொடும்போது கையுறை போடக் கூடாது, மச்சான். கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டால் போதும். கையுறைக்குள் விரலுக்கு ஓரம் தெரியாது, தாள் கிழிந்துவிடும்.

ஆறு வருடமாக அருங்காட்சியகத்தில் அச்சுப் படங்களுக்குப் பட்டியல் எழுதுகிறேன். செப்புத் தகட்டில் கோடு செதுக்கி மை பூசி எடுத்தவை. பாதிக்கு மேல் தர்மக் காட்சிகள். கொடுப்பவர் படியில் நிற்பார். வாங்குபவர் படிக்குக் கீழே. கொடுப்பவர் முகம் வெறும் தாளாக வெளுத்திருக்கும். வாங்குபவர் முகத்தில் கோட்டின் மேல் கோடு. கொடுப்பவர் பெயர் அடியில் இருக்கும். மற்றவர்களுக்கு 'ஏழைகள்' என்று ஒரே சொல்.

ஒரு படத்தில் சீமாட்டி இடது கையால் ரொட்டி கொடுக்கிறாள். தகட்டில் வலது கை அச்சில் இடது கையாகிவிடும் என்பதைச் செதுக்கியவன் மறந்துவிட்டான். அதன் நகலை உங்கள் தங்கையிடம் காட்டினேன்.

"எந்தக் கையால குடுத்தா என்னங்க? ரொட்டி ரொட்டிதானே. உங்களுக்குப் பசிச்சதே இல்ல, அதான் கையைப் பாக்குறீங்க."

சிரித்தாள். அதற்கே மூச்சு வாங்கியது. இதய வால்வு பழுது. மூன்று மாதத்துக்குள் அறுவை சிகிச்சை வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அரசு மருத்துவமனைக்கு ஒவ்வொரு செவ்வாயும் போனேன். ஒவ்வொரு செவ்வாயும் அடுத்த செவ்வாய் வரச் சொன்னார்கள். அப்போதுதான் ஓர் அறக்கட்டளை முழுச் செலவையும் ஏற்பதாக எழுதியது. உங்கள் தங்கை படிவத்தில் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்தாள். பதினோராவது நிபந்தனையை அவள் படிக்கவில்லை. நான் படித்தேன். நன்கொடையாளர் மேடையில் நின்று வழங்க, நோயாளி கீழே நின்று பெற்றுக்கொள்ளும் புகைப்படம். அதை மண்டபத்தில் மாட்டுவார்களாம்.

இன்று அலமாரியில் நீங்கள் எடுத்தது அந்தப் படிவம்தான். அமிலமில்லாத உறையில் வைத்தேன். நூறு வருடமானாலும் மஞ்சளாகாது. அறக்கட்டளையிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டார்கள். வேறு ஏற்பாடு ஆகிவிட்டது என்றேன். அவளிடம், மறுத்துவிட்டார்கள் என்றேன்.

"பாவம், அவங்களும் எத்தனை பேருக்குத்தான் குடுப்பாங்க," என்றாள்.

நீங்கள் கோபப்படுவது நியாயம். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஒருவரிடமும் கையேந்தாமல் கண்ணை மூடினாள். என்னிடம் மட்டும்தான் கெஞ்சினாள். "இன்னொரு வாட்டி போய்க் கேட்டுப் பாருங்களேன்" என்று, மூன்று தடவை.