சிரிக்கும் துரை

தேநீரில் சீனி போடாமல் கொண்டுவரச் சொன்னதற்கு நன்றி, இன்ஸ்பெக்டர். நாற்காலிக்குச் சாய்மானம் இல்லையே என்று வருத்தப்படாதீர்கள். எழுபத்தாறு வயதாகிறது, இதுவரை எதிலும் சாய்ந்து உட்கார்ந்ததில்லை. என் மனைவி கஸ்தூரி உயிரோடு இருந்தபோது சொல்வாள்: "ஒங்க தாத்தா பேர முதுகுல வச்சுக் கட்டியிருக்கு. குனிஞ்சா விழுந்துடும்னு பயம்." அப்போது எனக்குக் கோபம் வந்தது. அவள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

தாத்தா அய்யாவு, லாயாங் லாயாங் ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி. விடியற்காலைப் பிரட்டில் ஆட்களை வரிசையாக நிற்க வைத்துப் பெயர் வாசிக்கிற உத்தியோகம். ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்து ஜனங்களைப் பட்டினியிலிருந்து காப்பாற்றியவர் என்று பெயர் வாங்கினார். போர் முடிந்து திரும்பிய வெள்ளைக்காரத் துரை அதைக் கேள்விப்பட்டு, ஒரு பீங்கான் பொம்மையைப் பரிசாகக் கொடுத்தார். இது எங்கள் வீட்டு வரலாறு.

பொம்மை ஒரு சாண் உயரம். மொட்டைத் தலை, திறந்த தொந்தி, தோளில் மூட்டை, வாய் நிறையச் சிரிப்பு. மூட்டையில் இருப்பது தாத்தா பங்கிட்டுக் கொடுத்த அரிசி என்பார் அப்பா. அதற்குத் 'துரை' என்று பெயர் வைத்துச் சாமி அறையில் வைத்திருந்தோம். வீட்டுக்கு வரும் புது மருமகள் முதலில் துரைக்குத்தான் விபூதி பூச வேண்டும். எந்த வெள்ளைக்காரன் மொட்டை அடித்துக்கொண்டு, தொந்தியைக் காட்டியபடி தரையில் உட்கார்ந்திருப்பான் என்று எழுபது வருடத்தில் ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. அறிவாளிக் குடும்பம்.

இந்த வருடம் எங்கள் கோயிலில் மண்டபம் கட்டி, 'கிராணி அய்யாவு மண்டபம்' என்று பெயர் வைக்கத் தீர்மானித்தார்கள். முகப்பில் கண்ணாடிப் பெட்டிக்குள் துரையை வைக்க வேண்டும், எங்கே செய்தது, எதற்காகக் கொடுத்தது என்று கீழே நாலு வரி எழுத வேண்டும் என்றார்கள். என் தம்பி மகள் ஷர்மினிக்குச் சிங்கப்பூரில் அதே வேலை. பழைய பீங்கான்களைப் பார்த்து, ஊரும் காலமும் கண்டுபிடித்து, ஏல நிறுவனத்துக்கு எழுதிக் கொடுப்பாள். நானேதான் அவளை அழைத்தேன். ஒருமுறைக்கு இரண்டுமுறை. ரயில் டிக்கெட்டும் நானே எடுத்தேன்.

புதன்கிழமை வந்தாள். துரையைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் சிவப்பு அரக்கு இருந்தது. மேசையில் கீறல் விழக்கூடாதென்று அப்பா ஊற்றியது என்று சொன்னேன். அவள் அதைச் சூடாக்கி மெல்ல எடுத்தாள். உள்ளே தூரிகையால் எழுதிய எழுத்துகள். படம் பிடித்துத் தன்னோடு வேலை செய்யும் ஜப்பானியப் பெண்ணுக்கு அனுப்பினாள். வியாழன் மத்தியானம் பதில் வந்தது.

"பெரியப்பா, கொஞ்சம் ஒக்காருங்க."

"நின்னுக்கிட்டே கேக்கறேன். சொல்லு."

"இவரு துரை இல்ல. ஹொத்தேய்னு ஜப்பான்காரங்க கும்புடற அதிர்ஷ்ட சாமி. செஞ்சதும் அங்கதான்."

"துரை ஜப்பான் கப்பல்ல வாங்கியிருப்பாரு லா."

அவள் சிரிக்கவில்லை. "கொடுத்ததே ஜப்பான்காரன்தான் பெரியப்பா. எதுக்குன்னு அடியில எழுதியிருக்கு. சயாம் ரயில் வேலைக்கு நூத்தி நாப்பத்தி மூணு ஆளுங்கள அனுப்பினதுக்கு நன்றின்னு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்தி மூணு. ஒங்க தாத்தா பேரும் இருக்கு."

பிரட்டில் பெயர் வாசித்தவர் ரயில் ஸ்டேஷனிலும் வாசித்திருக்கிறார். ஜப்பான்காரன் சயாம் காட்டில் போட்ட அந்தத் தண்டவாளத்துக்கு எங்கள் தோட்டத்திலிருந்து போனவர்களில் உயிரோடு திரும்பியவர்கள் பதினோரு பேர். அதை ஊரே அறியும். அனுப்பியது யார் என்பதுதான் ஊருக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. மேசையில் கீறல் விழுவதைப் பற்றி அவர் ஒருபோதும் அவ்வளவு கவலைப்பட்டவரில்லை.

"மண்டபத் திறப்பு விழாவுல நீங்களே சொல்லிடுங்க பெரியப்பா. பெரிய மனுசன் வாயால சொன்னா ஊரு ஏத்துக்கும்."

"சொல்லலன்னா?"

"நான் எழுதிடுவேன். செத்தவங்க பேரப் பிள்ளைங்க வந்து நிக்கப் போற எடம். பொய் எழுத மாட்டேன்."

குரலைக்கூட உயர்த்தவில்லை. நன்றாக வளர்ந்த பெண். ஊரில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை என்றும், எனக்கு ஞாயிற்றுக்கிழமை வரை நேரம் தருவதாகவும் சொன்னாள். எனக்கு அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை.

அவளுக்கு ஆஸ்துமா. ஏழு வயதில் மூச்சுத் திணறியபோது குளுவாங் மருத்துவமனைக்கு அவளை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனவன் நான். வழியெல்லாம் 'பெரியப்பா, பெரியப்பா' என்று சட்டையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அதனால் அவளுக்கு எது ஆகாது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் சாமி அறைக்கு ஜன்னல் கிடையாது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவது வழக்கம். சமையல் செய்யும் பிரேமலா கரி பற்றவைத்துத் தட்டில் வைப்பாள். அன்றைக்குக் கரியை அதிகமாகப் போடச் சொன்னேன். பிறகு அவளைச் சந்தைக்கு அனுப்பினேன். ஷர்மினி குளிக்கப் போயிருந்த நேரத்தில், அவளுடைய மருந்து இருந்த கைப்பையை என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். வழிப்பறி அதிகமாகிவிட்டது என்று எனக்கு நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன். வீட்டுக்குள் யார் வழிப்பறி செய்வார்கள் என்று கேட்காதீர்கள்.

கண்ணாடிப் பெட்டிக்கு அளவு வேண்டும், துரையை ஒருமுறை அளந்து கொடு என்று அவளை அந்த அறைக்குள் அனுப்பினேன். அவள் முதுகு திரும்பியிருந்தபோது, தட்டில் சாம்பிராணியைக் கைநிறையக் கொட்டினேன். வெளியே வந்து தாழ்ப்பாள் போட்டேன். கதவுக்குப் பக்கத்தில் நின்றேன், உட்காரவில்லை. அவள் நான்கு முறை என்னைக் கூப்பிட்டாள். ஐந்தாவது, கூப்பிட்டதுதானா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. பிறகு கதவைத் திறந்து, துரைக்குச் சேதமில்லை என்று பார்த்துக்கொண்டு, ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். எந்த வரிசையில் செய்தேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்வது தெரிகிறது. குறித்துக்கொள்ளுங்கள்.

கரி பற்றவைத்தவள் பிரேமலா, தாழ்ப்பாளில் அவள் கைரேகையும் இருக்கிறது என்று அவளை நேற்று நீங்கள் பிடித்து வைத்தீர்கள். தினமும் அந்தக் கதவைச் சாத்துகிறவள். ரேகை இல்லாமல் எப்படி இருக்கும்? சலவைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு உடனே புறப்பட்டு வந்தேன். அவளுக்கு எதுவும் தெரியாது. செய்தது நான். யாருக்கும் சொல்லக் கூடாது என்று ஒரு உயிரையே எடுத்த விஷயத்தை, இப்போது உங்கள் ஒலிப்பதிவுக் கருவிக்குப் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள்.

ஒரு வேண்டுகோள் மட்டும். காரணம் என்ற இடத்தில் குடும்பத் தகராறு என்று எழுதினால் போதாதா? தாத்தாவின் பெயர் வேண்டாம்.

மனசாட்சி உறுத்தி வந்தேன் என்றும் எழுதிவிடாதீர்கள். பிரேமலாவின் தாத்தா அந்த ரயிலில் போய்த் திரும்பாதவர். அவரை என் தாத்தா அனுப்பினார். அவளை நான் ஜெயிலுக்கு அனுப்பினேன் என்று தெரிந்தால், நாளைக்கு எங்கள் குடும்பத்தைப் பற்றி ஊர் என்ன நினைக்கும்?