ஸ்பேனர் பையிலிருந்த டப்பா

— அதெல்லாம் கெடக்கட்டும் மாப்ளே. ஹார்பர்ல எந்தப் போட்டுக்கு இஞ்சின் இறக்குனீங்கன்னு நான் கேக்கல. ஒங்க ஸ்பேனர் பைக்குள்ள இந்த டப்பா எதுக்கு இருக்குன்னு கேக்குறேன்.

— மாத்திரை மாமி.

— மாத்திரைன்னு எனக்கும் தெரியுது, குலுக்குனா சத்தம் வருதுல்ல. மேல ஒட்டியிருந்த பேப்பரச் சுரண்டி எடுத்திருக்கே, அது எதுக்குன்னு கேக்குறேன்.

— பையை ஏன் தொறந்தீங்க?

— கிரீஸ் நாத்தம் தாங்கல, வெயில்ல போடலாம்னு கொட்டுனேன். ஒரு மாத்திரைய எடுத்துக்கிட்டு பக்கத்து வீட்டு ரோசலியம்மாகிட்ட போனேன். முப்பது வருஷம் நர்ஸா இருந்தவங்க. திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, ‘இது எச்ஐவிக்குக் குடுக்கறது’ன்னாங்க. யாருதுன்னு அவங்க கேக்கல. எனக்குத்தான் அங்க நிக்க முடியல.

— உக்காருங்க மாமி. மொகமெல்லாம் வேர்த்துப் போயிருக்கு.

— எனக்கு ஒண்ணும் ஆவல. எத்தனை நாளா நடக்குது இது?

— நாலு வருஷமா. ஒரு நாள்கூட விட்டதில்ல.

— நிக்காஹ் முடிஞ்சு ரெண்டு வருஷம்தானே ஆவுது? அப்ப தெரிஞ்சேதான் கட்டிக்கிட்டீங்களா?

— ஆமா மாமி. தெரிஞ்சேதான் கட்டிக்கிட்டேன்.

— யா அல்லா, கூசாமச் சொல்றதப் பாரு! எம் மவளுக்குத் தெரியுமா இது?

— தெரியும்.

— பெத்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா அவளுக்கு?

— நீங்க தாங்க மாட்டீங்கன்னு பயந்தா.

— இப்ப மட்டும் தாங்குறேனாக்கும்! ஏழு மாசத்துப் புள்ளத்தாச்சி அவ. ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்துப் பாத்தாங்க, எல்லாம் நல்லாருக்குன்னு அவ வாயால சொன்னா. அது ஒண்ணுதான் என் உசுரப் புடிச்சு வச்சிருக்கு. வயத்துல இருக்கறது என்ன பாவம் பண்ணுச்சு, கேக்குறேன்?

— குழந்தைக்கு வராமப் பாத்துக்கலாம் மாமி. அது எப்புடின்னா, இந்தக் கிருமிக்குத் தானாப் பெருகத் தெரியாது...

— ஆரம்பிச்சாச்சா! மிக்ஸி ரிப்பேரானப்பவும் இப்புடித்தான், பிரிச்சுப் போட்டுட்டு ஒரு மணி நேரம் வெளக்கம். கடைசில சட்டினி அம்மியிலதான் அரைச்சேன். இது போட்டு இஞ்சின் இல்ல மாப்ளே.

— எப்புடி ஓடுதுன்னு தெரிஞ்சா பாதிப் பயம் போயிடும் மாமி. ரெண்டே நிமிஷம். நம்ம ரத்தத்துல காவக்காரன் மாதிரி சில அணு இருக்கு. கிருமி அதுக்குள்ள பூந்து, அத வச்சே தன்னைய நகல் எடுக்கும். இந்த ஒரு மாத்திரைக்குள்ள மூணு மருந்து இருக்கு. ரெண்டு, நகல் எடுக்கறத நடுவுலயே அறுத்து விட்டுடும். மூணாவது, அந்த நகல் நம்ம அணுவோட கோத்துக்காமப் பாத்துக்கும்.

— அப்ப ஒழிஞ்சு போவணுமே? நாலு வருஷமா எதுக்கு முழுங்கணும்?

— முழுசா ஒழியாது. கொஞ்சம் ஒளிஞ்சுக்கிட்டுத் தூங்கும். மாத்திரைய நிறுத்துனா முழிச்சுக்கிட்டுத் திரும்ப வேலையக் காட்டும். அதுக்குத்தான் தினம் ஒரே நேரத்துல போடணும். போன மாசம் ரத்தத்துல எண்ணிப் பாத்தாங்க, டெஸ்ட்டுல புடிபடாத அளவுக்குக் கொறைஞ்சு போச்சு. அப்புடியே இருந்தா புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஒருத்தர்ட்டேர்ந்து ஒருத்தருக்குப் போவாது.

— வாய் இருக்கறவன் பேசலாம். ஒங்க தட்டு, டம்ளர் எல்லாத்தையும் கொல்லையில தனியா எடுத்து வச்சுட்டேன்.

— தட்டுல ஒட்டாது மாமி. பெருநாளைக்கு நீங்க, நான், ஒங்க மவ சுஹைனா எல்லாரும் ஒரே சஹன் தட்டுல கை வச்சுதானே சாப்பிட்டோம். யாருக்கு என்ன ஆச்சு? உலகத்துல நாலு கோடி பேருக்கு இருக்கு. மூணு கோடிக்கு மேல மாத்திரை போட்டுக்கிட்டு, வேலைக்குப் போயி, புள்ளை பெத்துக்கிட்டுதான் இருக்காங்க. வராமத் தடுக்கறதுக்கே ஆறு மாசத்துக்கு ஒரு ஊசி வந்துடுச்சு.

— மிச்சம் இருக்கறவங்க?

— சில நாட்டுல வெளியிலேர்ந்து வந்த பணம் நின்னுபோயி, மாத்திரை சரியாக் கெடைக்கல. நெறையப் பேரு, வீட்டுல தெரிஞ்சா என்ன ஆவுமோன்னு டெஸ்ட்டே எடுக்கல.

— எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டுச் சொல்றீங்களா அத?

— உங்களச் சொல்லல மாமி.

— மூத்த மாப்ள சஃபியுல்லா இருந்திருந்தா எனக்கு இந்த நெலம வருமா? தங்கமான மனுசன். நெஞ்சுல சளி கட்டி, மூணு மாசம் இருமி இருமியே மவுத்தாப் போனாரு. இருவத்தாறு வயசுல எம் மவ வெள்ளைத் துணியோட நின்னா. அவ திரும்பச் சிரிக்கணும்னுதான் ஒங்களப் பாத்து முடிச்சேன்.

— அவரு நல்லவருதான் மாமி.

— அத ஒங்க வாயால சொல்லாதீங்க!

— சரி. அவரப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

— அவ சாச்சி வீட்டுலேர்ந்து நாலு மணிக்கு வந்துடுவா. அதுக்குள்ள கெளம்புங்க. இது அவளுக்குன்னு எழுதிக் குடுத்த வீடு. மாப்பிள்ளையா வந்தவரு நீங்க, போவ வேண்டியதும் நீங்கதான்.

— அவ மொகத்த ஒரு தடவ பாத்துட்டு...

— வேணாம். போன்கூடப் பண்ணக் கூடாது. ஜமாஅத்துல கேட்டா குணம் ஒத்துவரலன்னு சொல்லிக்கறேன், வியாதியப் பத்தி மூச்சு விட மாட்டேன். நானும் ஒரு தாய்தான், ஒங்க உம்மாவ ஊரு முன்னாடி தலகுனிய வைக்க மாட்டேன்.

— குணங்கெட்டவன்னே சொல்லுங்க மாமி. பழிய எம்மேலயே போடுங்க. அவள யாரும் ஒரு கேள்வி கேக்காம இருந்தாச் சரி.

— இந்தாங்க பை. இந்தாங்க ஒங்க டப்பா.

— பையக் குடுங்க. டப்பா இங்கயே இருக்கட்டும்.

— ஏன், எம் பேரப்புள்ளைக்கு ஞாபகார்த்தமாவா? எடுத்துட்டுப் போங்க, இல்லன்னா சாக்கடையில வீசிடுவேன்.

— வீசிடாதீங்க மாமி, ஒங்களக் கையெடுத்துக் கும்புடறேன்! யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு அவளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். பீரோவுல வச்சா நீங்க பாத்துடுவீங்கன்னுதான் எம் பையில தூக்கிக்கிட்டு அலைஞ்சேன்.

— யாருக்கு வாக்கு? என்ன ஒளர்றீங்க?

— நான் இல்லாத வீட்டுல இத எடுத்துக் குடுக்க வேற ஆளு இல்ல மாமி. ராத்திரி ஒம்பது மணிக்கு சுஹைனாவுக்கு நீங்கதான் ஒண்ணு குடுக்கணும்.