பத்து செகண்டு வெடிப்பு

ஏற்காடு மலை ஏறும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில், வெளியூரில் வானியல் படிக்கும் மகளை ஒரு காப்பித் தோட்டக்காரர் ஊருக்கு அழைத்துப் போனார்.

“நீ படிக்கற அந்த நட்சத்திரம் வெடிச்சா செத்துப் போயிராதா, கண்ணு?”

“இல்லீங்கப்பா. அது சின்னது, ஆனா நொம்பக் கனம். பக்கத்து நட்சத்திரத்தோட வாயுவை இழுத்து மேல சேத்துக்கிட்டே இருக்கும். தாங்காமப் போனா மேல சேந்தது மட்டும் வெடிக்கும். பத்து செகண்டுதானுங்க. அப்பறம் மறுபடி சேக்கும்.”

இரண்டு கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் அவர் மகள் பக்கம் திரும்பினார்.

“ரெண்டு வருசமா சேர்வராயன் திருவிழாவுக்கு நீ வரலைன்னு உங்கம்மாளும் கோவத்தைச் சேத்து வெச்சிருக்கறா. ஊட்டுக்குப் போனதும் பத்து செகண்டு பதில் பேசாம நில்லு, சாமி. நீ போட்ட லெட்டரெல்லாம் ஒண்ணு உடாமச் சேத்து வெச்சிருக்கறதும் அவதான்.”