தென்துருவத்தை விட்டுக்கொடுத்தவருக்கு

கதிரவனைக் கண்ணிமைக்காமல் காத்தவரே, அகானே செயற்கைக்கோளின் திட்ட மேசைக்குத் தலைமை தாங்கியவரே, மதிப்பிற்குரிய கிரிதானி மசாயோ அவர்களே,

வணக்கம். புகழ்ந்து எழுதினால் பாதியிலேயே எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே நடந்ததை எழுதுகிறோம்.

சூரியன் பெரிது, அகானேயின் தொலைநோக்கிக்குப் பார்வை சிறிது. ஒருவர் கேட்ட இடத்துக்குத் திருப்பினால் இன்னொருவர் கேட்டது போச்சு. கியோத்தோவிலிருந்தும் பூசானிலிருந்தும் கேட்ட ஆய்வாளர்களுக்கெல்லாம் இத்தனை ஆண்டுகள் முகம் கோணாமல் நாள் பிரித்துக் கொடுத்தீர்கள். உங்களுக்கென்று ஒரு நாளும் எடுத்துக்கொண்டதில்லை.

நீங்கள் பார்க்க விரும்பியது சூரியனின் தென்துருவம். அங்கே காந்தப்புலம் திசை மாறிக்கொண்டிருக்கிறது. அடுத்த மாற்றத்துக்குப் பத்தாண்டுக்கு மேலாகும். துருவம் நம் பக்கம் நன்றாகச் சாய்வதோ மார்ச் தொடக்கத்தில். அந்த மாதக் கடைசியில் உங்களுக்குப் பணி ஓய்வு. எனவே இந்த மார்ச்சில் ஒரு நாளை நாங்களே உங்கள் பெயருக்கு ஒதுக்கினோம்.

அன்று காலை கிழக்கு விளிம்பில் பெரிய கரும்புள்ளிக் கூட்டம் ஒன்று தலைகாட்டியது. வெடித்துவிடும் என்றே எல்லோருக்கும் பட்டது. நாங்கள் உங்களைத் திரும்பிப் பார்த்தோம். சோற்றுருண்டையைக் கீழே வைத்துவிட்டு நீங்கள்தான் பேசினீர்கள்.

"என்னப்பா, எல்லாரும் என் மூஞ்சியையே பாக்கறீங்க? சூரியன் அங்க இருக்கு. திருப்புங்க."

"கிரிதானி சான், இன்னைக்கு உங்க நாளு," என்றார் கட்டளை அனுப்பும் தொகாஷி.

"வெடிக்கறது எனக்காகக் காத்திருக்குமா? துருவம் எங்க ஓடிடப் போகுது?"

"ஓடத்தான் போகுது. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். பேசிக்கிட்டே இரு, ரெண்டும் போயிடும். அனுப்பு தம்பி."

அனுப்பினார். அந்தக் கரும்புள்ளிக் கூட்டம் அன்று முழுவதும் கல்லாய்க் கிடந்தது. மறுநாளும் அப்படியே. ஒரு பொறிகூட எழவில்லை. வேறொருவருடைய நாளை வாங்கித் தருகிறோம் என்றோம். "அவங்களும் வருஷக்கணக்கா காத்திருக்காங்க" என்று மறுத்துவிட்டீர்கள்.

இதைப் பெருந்தன்மை என்று எழுதி முடித்துவிடுவது எங்களுக்கு வசதி. உங்களுக்கு அது இழப்பு. அந்த நாளைத் திருப்பித் தர எங்களிடம் வழியில்லை.

துருவம் அப்பால் சாயத் தொடங்கிவிட்டது. அடுத்த மார்ச்சில் மீண்டும் தெரியும். அதற்குள் திசை மாற்றம் முடிந்திருக்கலாம். அகானேயின் மின்கலங்கள் அதுவரை தாங்குமா என்பதும் எங்களைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும்.

உடல் நலத்தோடு நெடுங்காலம் வாழுங்கள். அகானே தாங்கினால், அடுத்த மார்ச்சில் ஒரு முழு நாள் தென்துருவத்துக்குத்தான். அதை விட்டுக்கொடுக்க அன்று நீங்கள் இங்கே இருக்கமாட்டீர்கள்.

வருத்தத்துடன்,
அகானே கட்டுப்பாட்டு அறை ஊழியர்கள்