சுவருக்குள் ஒரு பேர்

விம்பிள்டன் போகும் ட்ராமில், மிச்சம் நிறுத்தத்தில் ஏறிய இருவரின் சப்பாத்திலும் சீமெந்து காய்ந்திருந்தது. எனக்கு எதிரே உட்கார்ந்ததும் இளையவர் சொன்னார்:

“அண்ணை, பிரமிட் கட்டினது அடிமையள் இல்லையாம். நேற்று டிவியில காட்டினவங்கள்.”

“அப்ப ஆர்? எங்களை மாதிரி ஷிப்டில வந்த ஆக்களோ?”

“ஓம். முறை மாறி மாறி வந்து வேலை செய்தவையாம். பாணும் பியரும் குடுத்திருக்கினம்.”

“எங்கட முதலாளி தேத்தண்ணியே தாறேல்லை.”

“உள்ளுக்க ஆரும் பாக்காத கல்லில, தங்கட கோஷ்டியின்ர பேரைச் சிவப்பு மையால எழுதி வைச்சிருக்கினம்.”

மூத்தவர் குரலைத் தாழ்த்தினார்.

“நானும் எழுதினனான். போன கிழமை, அந்தக் குளியலறைச் சுவரில டைல்ஸ் ஒட்ட முதல்.”

“எந்தப் பேரை? வேலைக் கார்டில இருக்கிற பேரையோ?”

“சீ, அது கார்டைத் தந்த ஆளின்ர பேர். விசா இல்லாமல் ஏழு வருசமா அந்தப் பேரிலதானே வேலை செய்யிறன். சுவரில என்ர சொந்தப் பேரை எழுதினனான்.”

“மேல டைல்ஸ் ஒட்டியாச்சே அண்ணை. ஆரும் பாக்க மாட்டினமே.”

“பாக்க மாட்டினம் எண்டுதானே எழுதினனான்.”

விம்பிள்டன் வந்தது. இருவரும் இறங்கினார்கள்.