உலகம்மாள் விட்ட துரு

ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்திலே, புலிப்பாறை என்று ஒரு ரப்பர் தோட்டம் இருந்ததாம். அந்தத் தோட்டத்திலே உலகம்மாள் என்று ஒருத்தி இருந்தாளாம். கொல்லுப்பட்டறைச் சோணாசல ஆசாரியின் பெண்சாதி.

வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனான். அவன் பங்களாவில் கேப்டன் ஓனோ வந்து உட்கார்ந்தான். லயத்து வரிசை வீடுகளில் இருந்த கூலிச் சனத்துக்கு முதலாளி முகம் மாறியது, அவ்வளவுதான். அவன் ரப்பர் மரத்தில் பால் வெட்ட ஆள் பிடித்தான். இவன் சயாமில் ரயில் ரோடு போட ஆள் பிடித்தான். சயாமுக்குப் போனவன் திரும்புவதில்லை என்று அப்போதே பேச்சு.

அந்த முறை ஆசாரியையும் லாரியில் ஏற்றுவதாகச் சொல்லிவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கேப்டன் தன் வாளோடு பட்டறைக்கு வந்தான் என்பார்கள். மொழி சொல்ல, தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி மாத்தன் கூட வந்தார்.

"ஆசாரி, இது கேப்டனோட பரம்பரை வாள். நானூறு வருசத்துப் பழசு. பிடி ஆடுது. சரிபண்ணிக் குடுத்தா உன்னை விட்டுருவாராம். கெடுத்தா, லாரியில முதல் ஆள் நீதான்."

"கெடுக்கவா கிராணி, ஆசாரியாப் பொறந்தேன்?"

ஆசாரி வாளை உருவினார். கிட்டே வந்த உலகம்மாளிடம் காட்டினார்.

"இங்க பாரு உலகம். மடிச்சு மடிச்சு அடிச்சிருக்கான். மரத்து ரேகை மாதிரி ஓடுது பாரு. விளிம்புல மட்டும் பனி படிஞ்சாப்ல வெள்ளை. முதுகுல மண்ணைக் கனமாப் பூசி, விளிம்புல லேசாப் பூசி, தண்ணியில முக்கியிருக்கான். விளிம்பு வைரமாயிருச்சு, முதுகு வளைஞ்சு குடுக்குது. இந்த வளைவு அடிச்ச வளைவில்ல, தண்ணியில தானா வந்தது."

"இவ்வளவும் எதுல நிக்குது?"

"ஒரே ஒரு மூங்கில் ஆணியில. அதுதான் தேஞ்சுபோச்சு."

பிடியைக் கழற்றி வைத்துவிட்டு, முற்றின மூங்கில் தேடி ஆசாரி போனார். மறுநாள் சரஸ்வதி பூசை. வருசா வருசம் பட்டறை இரும்பையெல்லாம் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்குவது உலகம்மாள் வேலை. வாளைப் பார்த்தாள். அலகு கண்ணாடி. பிடிக்குள் செருகியிருந்த அடிப்பகுதி, அந்த வால் மட்டும் கருந்துரு. இதை இப்படியே கொடுத்தால் புருசனுக்கல்லவா கேவலம் என்று நினைத்தாள். தேய்த்தாள், தேய்த்தாள், வெள்ளியாகும்வரை தேய்த்தாள்.

ஆசாரி வந்து பார்த்து, "இப்பத்தான் இரும்பு இரும்பா இருக்கு" என்றாராம்.

கேப்டன் வந்தான். வாலைப் பார்த்தான். அதைத் தூக்கிப் பிடித்துக் கத்தினானாம். கிராணி மொழி சொன்னார்.

"அட பாவி, பிடிக்குள்ள இருக்கிற துருவைத் தொடவே கூடாதாம். அந்தத் துருதான் வாளோட வயசுக்குச் சாட்சியாம். எவன் தேய்ச்சான்னு கேக்குறார்."

"நான்தான்" என்றார் ஆசாரி.

உலகம்மாள் முன்னே வந்தாள். கரி ஏறின உள்ளங்கையை நீட்டினாள்.

"அவரு பொய் சொல்றாரு கிராணி. தேய்ச்சது நான். எங்க சாமிக்கு முன்னால அழுக்கு இரும்பு வைக்க மாட்டோம். கும்பிடத்தான் தேய்ச்சேன். மறுபக்கத்தைத் தொடலைன்னு சொல்லுங்க."

"ஏன் தொடலைன்னு கேக்குறார்."

"எழுத்து இருந்துச்சு. சரஸ்வதி பூசை நேரத்துல எழுத்தைத் தேய்ச்சா குத்தம்."

கேப்டன் வாளைத் திருப்பினான். கருந்துருவுக்குள்ளே, செய்த கொல்லன் வெட்டிய பெயர் அப்படியே இருந்தது. அந்தப் பெயரை விரலால் தடவிப் பார்த்தானாம். பிறகு ஆசாரியை விட்டுவிடச் சொல்லிவிட்டு, ஆசாரி செதுக்கிய புது ஆணியால் பிடியை மாட்டிக்கொண்டு போனான்.

அதைக் கருணை என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். லாரி காலியாகப் போகவில்லை. ஆசாரிக்குப் பதிலாகக் கடைசி லயத்து மாடக்கண்ணுவை ஏற்றினார்கள். லயத்திலிருந்து இன்னும் பலரை ஏற்றினார்கள்.

லாரி போன பிறகு உலகம்மாள் மாடக்கண்ணு வீட்டுக்குப் போனாள். அவன் பால் வெட்டுகிற கத்தியை அவன் பெண்சாதியிடம் கேட்டு வாங்கி வந்தாள்.

"பிடியைக் கழட்டுங்க. பிடிக்குள்ள இருக்கிற வாலுல அவன் பேரை வெட்டுங்க."

"எதுக்கு உலகம்?"

"எவனோ ஒரு கொல்லன் பேரு நானூறு வருசமா நிக்குது. உங்களுக்குப் பதிலாப் போனவன் பேரு நிக்க வேணாமா?"

ஆசாரி வெட்டினார். பேர் தெரியட்டும், பிடியைத் திரும்ப மாட்ட வேண்டாம் என்றாள் உலகம்மாள். அதைக் கேள்விப்பட்டு, போனவர்களின் வீட்டார் எல்லோரும் கத்தியோடு வந்தார்களாம். போனவர்களில் ஒருத்தரும் திரும்பவில்லை.

புலிப்பாறையில் இன்றைக்கும் ஆயுதபூசைக்கு எல்லா இரும்பையும் பளபளவென்று துலக்குவார்கள். பிடியில்லாத அந்தக் கத்திகளை மட்டும், பெயர் தேயாதபடி, துருவோடு முன்வரிசையில் வைப்பார்கள். புதிதாக வந்த மருமகள் எவளாவது புளியை எடுத்துக்கொண்டு கிட்டே போனால், "அதை விடு தாயி, அது உலகம்மா விட்ட துரு" என்று கையைப் பிடித்துவிடுவார்கள். பிறகு, மாடக்கண்ணு என்று தொடங்கி, ஒவ்வொரு பெயராகச் சத்தமாக வாசித்த பின்புதான் சூடம் கொளுத்துவார்கள்.